கிராஃபீன் மீது உலோக நானோ துகள்களை ஒட்டுவது ஏன்? ஹைட்ரஜன் கார் முதல் சர்க்கரை டெஸ்ட் வரை... முழு விளக்கம்

ஹைட்ரஜனில் ஓடும் கார், ரத்தத்தில் சர்க்கரை அளவைக் காட்டும் ஸ்ட்ரிப், குடிநீரில் ஆர்சனிக் கலந்திருக்கிறதா என்று கண்டுபிடிக்கும் கருவி... இந்த மூன்றுக்கும் என்ன சம்பந்தம்?

மூன்றிலுமே 'மின்முனை' என்ற ஒரு பரப்பின் மேல்தான் முக்கியமான வேலை நடக்கிறது. வேதிவினை ஒருபக்கம், மின்சாரம் மறுபக்கம். இரண்டும் சந்திக்கும் இடம் அது. அந்த வினையை வேகப்படுத்த பல நேரங்களில் பிளாட்டினம், தங்கம் போன்ற உலோகங்கள் தேவைப்படுகின்றன. இரண்டுமே விலை உயர்ந்தவை.

இந்தச் செலவைக் குறைக்க ஆராய்ச்சியாளர்கள் முயற்சி செய்யும் வழிகளில் ஒன்று இது: உலோகத்தைக் கண்ணுக்கே தெரியாத அளவுக்குச் சின்னச் சின்னத் துகள்களாக்கி, கிராஃபீன் என்ற மெல்லிய கார்பன் தாளின் மேல் பதித்துவிடுவது.

கேட்க சிம்பிளா இருக்கு, இல்லையா? ஆனா இதுல பெரிய சிக்கலே அந்தப் 'பதிக்கிற' வேலைதான். அது ஏன் கஷ்டம், அதை எப்படிச் சாதிக்கிறார்கள், நிஜத்தில் என்ன பலன் என்று ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதலில்... கிராஃபீன் என்றால் என்ன?

பென்சில் முனையில் இருப்பது கிராஃபைட். அது முழுக்க முழுக்க கார்பன் தாள்களின் அடுக்கு. ஒரு மில்லிமீட்டர் தடிமன் உள்ள கிராஃபைட்டில் ஏறக்குறைய 30 லட்சம் தாள்கள் ஒன்றன் மேல் ஒன்றாக இருக்கும். அதில் ஒரே ஒரு தாளை மட்டும் தனியாகப் பிரித்து எடுத்தால், அதுதான் கிராஃபீன்.

ஒரே ஒரு அணுவின் தடிமன். அதற்குள் கார்பன் அணுக்கள் தேன்கூடு போல அறுகோண வடிவில் கைகோத்து நிற்கும்.

2004-ல் பிரிட்டனின் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஆந்த்ரே கெய்ம், கான்ஸ்டான்டின் நோவோசெலோவ் ஆகியோரின் குழு, சாதாரண ஒட்டும் டேப்பை வைத்தே கிராஃபைட்டிலிருந்து இந்தத் தாளைப் பிரித்துக் காட்டியது. இதற்காக 2010-ல் இருவருக்கும் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது.

நம்ம விஷயத்துக்குத் தேவையான இரண்டு குணங்கள் கிராஃபீனில் இருக்கின்றன. ஒன்று, மின்சாரத்தை மிக நன்றாகக் கடத்தும். இரண்டு, பரப்பளவு. ஒரு கிராம் கிராஃபீனை முழுசாகப் பிரித்து விரித்தால், இரு பக்கமும் சேர்த்து 2,630 சதுர மீட்டர் வரும் என்பது கணக்கு. அதாவது அரை ஏக்கருக்கும் அதிகம்!

உலோகத்தை ஏன் நானோ துகளாக்க வேண்டும்?

அச்சு வெல்லத்தை அப்படியே தண்ணீரில் போட்டால் கரைய நேரமாகும். தட்டிப் பொடியாக்கிப் போட்டால் சீக்கிரம் கரைந்துவிடும். வெல்லம் அதே அளவுதான். தண்ணீர் படும் பரப்புதான் கூடியிருக்கிறது.

பிளாட்டினத்திலும் இதே கதைதான். அது இங்கே வினையூக்கியாக, அதாவது கேட்டலிஸ்ட்டாக வேலை செய்கிறது. வினை நடப்பது மேற்பரப்பில் இருக்கும் அணுக்களில் மட்டும்தான். உள்ளே மாட்டிக்கொண்ட அணுக்களுக்கு வேலையே இல்லை. காசு கொடுத்து வாங்கி, சும்மா உட்கார வைத்த மாதிரி.

ஒரு கணக்கு பார்ப்போம். ஒரு கிராம் பிளாட்டினத்தைக் கட்டியாக, சதுரப் பெட்டி வடிவில் வைத்தால், அதன் ஒரு பக்கம் 4 மில்லிமீட்டர்கூட வராது. ஆறு முகங்களையும் சேர்த்தாலும் பரப்பு ஒரு சதுர சென்டிமீட்டருக்கும் குறைவு. நம்ம விரல் நகம் அளவுதான்.

அதே ஒரு கிராமை 3 நானோமீட்டர் விட்டமுள்ள உருண்டைகளாக்கினால்? மொத்தப் பரப்பு சுமார் 93 சதுர மீட்டர். நமக்குப் பழக்கமான கணக்கில் சொன்னால் சுமார் 1,000 சதுர அடி. இரண்டு பெட்ரூம் ஃபிளாட் ஒன்றின் தரை முழுவதும்!

நானோமீட்டர் என்பது ஒரு மில்லிமீட்டரின் 10 லட்சத்தில் ஒரு பங்கு. துகள் 2 நானோமீட்டர் அளவுக்கு வந்துவிட்டால், அதில் உள்ள அணுக்களில் ஏறக்குறைய பாதி மேற்பரப்பிலேயே இருக்கும். பிளாட்டினம் தோண்டி எடுக்கப்படுவதில் பெரும்பங்கு தென் ஆப்பிரிக்காவில் இருந்து வருகிறது. இப்படி ஒரே நாட்டை நம்பியிருக்கும் உலோகத்தில் ஒவ்வொரு அணுவையும் வேலை வாங்குவது ரொம்ப முக்கியம்.

அப்போ துகளை மட்டும் மின்முனையில் தூவினா போதாதா?

போதாது. காரணம், நானோ துகள்கள் தனித்தனியாக இருக்க விரும்பாது.

ரசத்தில் மிதக்கும் நெய்த்துளிகளைப் பார்த்திருப்பீர்கள். பக்கத்தில் வந்ததும் இரண்டு துளி சேர்ந்து ஒன்றாகும். கொஞ்ச நேரத்தில் பெரிய வட்டங்கள் மட்டும் மிஞ்சும். உலோகத் துகள்களும் அப்படித்தான். பரப்பைக் குறைத்துக்கொண்டால் அவற்றின் ஆற்றல் குறையும் என்பதால், ஒன்றோடு ஒன்று சேரப் பார்க்கும்.

இன்னொரு வழியும் உண்டு. சின்னத் துகளில் இருந்து அணுக்கள் கரைந்து போய், பக்கத்தில் இருக்கும் பெரிய துகளில் படியும். சின்னது இன்னும் சின்னதாகும், பெரியது இன்னும் பெரியதாகும். இதற்கு 'ஆஸ்ட்வால்ட் முதிர்ச்சி' என்று பெயர். 1909-ல் வேதியியல் நோபல் பெற்ற வில்ஹெல்ம் ஆஸ்ட்வால்ட் பெயரால் வந்தது.

எப்படி நடந்தாலும் முடிவு ஒன்றுதான். கஷ்டப்பட்டு உருவாக்கிய அந்த 1,000 சதுர அடி, பயன்படுத்தப் பயன்படுத்தச் சுருங்கிக்கொண்டே போகும்.

ஆகவே துகள்களைத் தள்ளித் தள்ளி உட்கார வைத்து, நகராமல் பிடித்துக்கொள்ள ஒரு 'தாங்கி' வேண்டும். அந்தத் தாங்கி மின்சாரத்தையும் கடத்த வேண்டும். துகளில் உருவாகும் எலக்ட்ரான் வெளியே வர பாதை இல்லை என்றால், வினை நடந்தும் பிரயோஜனம் இல்லை.

இன்றைய எரிபொருள் மின்கலங்களில் இந்த வேலையைச் செய்வது பெரும்பாலும் 'கார்பன் பிளாக்' என்ற நுண்ணிய கரித்தூள். டயருக்குக் கருப்பு நிறம் கொடுப்பதும் இதே வகைக் கரித்தூள்தான். அந்த இடத்துக்குத்தான் கிராஃபீனைக் கொண்டுவரப் பார்க்கிறார்கள்.

இதில் கிராஃபீனுக்கும் ஒரு லாபம் உண்டு. கிராஃபீன் தாள்களைச் சும்மா விட்டால், மறுபடியும் ஒன்றன் மேல் ஒன்றாக ஒட்டி கிராஃபைட் ஆகப் பார்க்கும். நடுவில் உலோகத் துகள்கள் இருந்தால், அவை தாள்களைத் தள்ளி நிறுத்தும். தாள் துகளைப் பிடித்துக்கொள்கிறது, துகள் தாளைப் பிரித்து வைக்கிறது.

ஒட்டுவதில் என்ன சிக்கல்?

குறையே இல்லாத, சுத்தமான கிராஃபீனில் உலோகம் சரியாக ஒட்டாது. தாமரை இலைத் தண்ணீர் போலத்தான். அந்தத் தாளில் உள்ள ஒவ்வொரு கார்பனும் பக்கத்தில் உள்ள கார்பன்களோடு உறுதியாகப் பிணைந்து நிற்கிறது. புதிதாக வரும் உலோக அணுவோடு கைகோக்க அதற்கு எந்த அவசரமும் இல்லை. உலோகம் வழுக்கிக்கொண்டு போய் இன்னொரு துகளோடு சேர்ந்துவிடும்.

அப்போ எங்கே ஒட்டும்? தாளில் எங்கே குறை இருக்கிறதோ அங்கே! ஓட்டை விழுந்த இடம், ஓரம், ஆக்சிஜன் ஒட்டிய இடம், கார்பனுக்குப் பதிலாக நைட்ரஜன் உட்கார்ந்த இடம்... இவைதான் உலோகத்துக்குப் பிடிமானம்.

வழவழப்பான சுவரில் படம் மாட்ட முடியாது. ஆணி அடித்தால்தான் மாட்டலாம். கிராஃபீனில் இருக்கும் குறைகள்தான் அந்த ஆணிகள்.

அதனால்தான் பல ஆய்வகங்கள் கிராஃபீனில் இருந்து தொடங்காமல், 'கிராஃபீன் ஆக்சைடு' என்ற பொருளில் இருந்து தொடங்குகின்றன. கிராஃபைட்டைக் கந்தக அமிலம், பொட்டாசியம் பெர்மாங்கனேட் போன்றவற்றில் போட்டு ஆக்சிஜனேற்றம் செய்தால் இது கிடைக்கும். 1958-ல் ஹம்மர்ஸ், ஆஃபெமன் இருவரும் வெளியிட்ட முறையும் அதன் திருத்தப்பட்ட வடிவங்களும் இன்றைக்கும் புழக்கத்தில் உள்ளன.

கிராஃபீன் ஆக்சைடில் ஆக்சிஜன் குழுக்கள் நிறைய. தண்ணீரில் நன்றாகக் கலக்கும். உலோகம் ஒட்ட ஆணிகளும் ஏராளம். ஆனால் ஒரு பிரச்சினை, மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது! கடத்த வைக்க வேண்டும் என்றால் ஆக்சிஜனை நீக்க வேண்டும். நீக்கினால் ஆணிகள் குறையும்.

இதுதான் இந்தத் துறையின் மையச் சிக்கல். ஆணி அதிகமானால் சுவர் பெயர்ந்துவிடும். ஆணியே இல்லை என்றால் படம் நிற்காது. எத்தனை ஆணி, எங்கே, எவ்வளவு இடைவெளியில் என்பதுதான் கேள்வி.

ஒட்டும் முறைகள் என்னென்ன?

பல முறைகள் உள்ளன. முக்கியமானவற்றை மட்டும் பார்க்கலாம்.

1. ஒரே பாத்திரத்தில் சமைப்பது: கிராஃபீன் ஆக்சைடு கலந்த தண்ணீரில் உலோக உப்பைச் சேர்ப்பார்கள். பிளாட்டினத்துக்கு குளோரோபிளாட்டினிக் அமிலம், தங்கத்துக்கு குளோரோஆரிக் அமிலம், வெள்ளிக்கு சில்வர் நைட்ரேட். பிறகு எலக்ட்ரான் கொடுக்கும் ஒரு பொருளை ஊற்றுவார்கள். சோடியம் போரோஹைட்ரைடு அதிகம் பயன்படுவது. சில நேரம் வைட்டமின் சி கூட! அந்த எலக்ட்ரானை வாங்கிக்கொண்டு உலோக அயனி உலோகமாக மாறி தாளின் மேல் முளைக்கும். கூடவே தாளில் இருந்த ஆக்சிஜனும் ஓரளவு வெளியேறும். ஒரே கல்லில் இரண்டு மாங்காய். குறை என்னவென்றால், துகள்களின் அளவு சீராக வருவது கஷ்டம்.

2. தனியாகச் செய்து பிறகு ஒட்டுவது: துகள்களை முதலிலேயே ஒரே அளவில் தயாரித்துவிடுவார்கள். தங்கத் துகளுக்கு 1951-ல் டர்கெவிச் குழு விவரித்த சிட்ரேட் முறை இன்றும் பிரபலம். பிறகு பாலிமர் போன்ற ஒரு 'பசை' மூலம் கிராஃபீனில் இணைப்பார்கள். அளவு அச்சு அசலாக இருக்கும். ஆனால் நடுவில் இருக்கும் பசையே எலக்ட்ரானுக்குத் தடையாகிவிடலாம்.

3. மின்சாரம் மூலம் படிய வைப்பது: கவரிங் நகைக்கு முலாம் பூசுகிறார்களே, அதே தத்துவம். கிராஃபீன் பூசிய மின்முனையை உலோக உப்புக் கரைசலில் முக்கி மின்சாரம் செலுத்துவார்கள். நகைக்கு முழுசாகப் பூச வேண்டும். இங்கே புள்ளி புள்ளியாக வந்ததும் நிறுத்திவிட வேண்டும். மின்னழுத்தம், நேரம் இரண்டையும் மாற்றி துகள்களின் அளவையும் எண்ணிக்கையையும் கட்டுப்படுத்தலாம். சென்சார் தயாரிக்க இது வசதி. சில நிமிடங்களில் வேலை முடிந்துவிடும்.

4. அணு அணுவாக அடுக்குவது: வாயு நிலையில் உள்ள உலோகச் சேர்மத்தை அறைக்குள் செலுத்தி, ஒவ்வொரு சுற்றாகப் படிய வைக்கும் முறை. கட்டுப்பாடு மிக அதிகம். செலவும் அதிகம். 2013-ல் கனடா ஆராய்ச்சியாளர்கள் அடங்கிய குழு ஒன்று இந்த முறையில், தனித்தனி பிளாட்டினம் அணுக்களையே கிராஃபீன் மேல் உட்கார வைத்துக் காட்டியது.

எப்படி ஒட்டினாலும், அது உண்மையிலேயே ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் தட்டையில் பதிந்த கடலைப்பருப்பு மாதிரி துகள்கள் தெரியும். ஆனால் படம் மட்டும் போதாது. எத்தனை துகள்கள் உண்மையில் வேலை செய்கின்றன என்பதை மின்வேதியியல் சோதனையில்தான் அளக்க முடியும். மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கி, பிளாட்டினத்தின் மேல் ஹைட்ரஜன் ஒட்டி விலகும்போது பாயும் மின்னூட்டத்தை அளந்து, வேலை செய்யும் பரப்பைக் கணக்கிடுகிறார்கள்.

எரிபொருள் மின்கலத்தில் என்ன பலன் கிடைத்தது?

ஹைட்ரஜனையும் காற்றில் உள்ள ஆக்சிஜனையும் சேர்த்து மின்சாரம் தயாரிப்பதுதான் எரிபொருள் மின்கலம், அதாவது ஃபியூயல் செல். கழிவாக வெளியே வருவது தண்ணீர். இஸ்ரோ கூட 2024 ஜனவரியில் பிஎஸ்எல்வி-சி58 ராக்கெட்டின் கடைசிப் பகுதியில் ஒரு எரிபொருள் மின்கலத்தை வைத்து விண்வெளியில் சோதித்தது.

இதில் ஹைட்ரஜன் பக்கத்தை விட ஆக்சிஜன் பக்க வினை ரொம்ப மெதுவாக நடக்கும். பிளாட்டினம் அதிகமாகத் தேவைப்படுவதும் அந்தப் பக்கத்தில்தான்.

2009-ல் அமெரிக்காவின் நோட்டர் டாம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிரையன் செகர், பிரசாந்த் காமத் இருவரும் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். மேலே சொன்ன முதல் முறைதான். போரோஹைட்ரைடு ஊற்றி கிராஃபீன் ஆக்சைடு மேல் பிளாட்டினத்தைப் பதித்தார்கள். தாங்கியே இல்லாத பிளாட்டினத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு அதிகபட்சம் 96 மில்லிவாட் கிடைத்தது. கிராஃபீன் தாங்கியோடு 161 மில்லிவாட்.

நல்ல முன்னேற்றம்தான். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒப்பிட்டது தாங்கியே இல்லாத பிளாட்டினத்தோடு. சந்தையில் இருக்கும் கார்பன் பிளாக் வகையோடு அல்ல. இது மாதிரி செய்திகளைப் படிக்கும்போது 'எதை விட நல்லது?' என்ற கேள்வியை விடவே கூடாது.

அடுத்த ஆண்டே சென்னையில் இருந்து ஒரு முடிவு வந்தது. சென்னை ஐஐடி-யும் சென்னையில் உள்ள எரிபொருள் மின்கலத் தொழில்நுட்ப மையமும் சேர்ந்து 2010-ல் வெளியிட்ட ஆய்வு அது. சாதாரண கிராஃபீன் தாங்கியில் பிளாட்டினத்தை வைத்தபோது 390 மில்லிவாட் கிடைத்தது. கிராஃபீனில் நைட்ரஜனைச் சேர்த்த பிறகு 440 மில்லிவாட். தாங்கி கிட்டத்தட்ட அதேதான், 'ஆணி' மட்டும் மாறியிருக்கிறது. அதற்கே சுமார் 13 சதவீதம் அதிகம். ஆனால் இந்த எண்ணை 2009 ஆய்வின் எண்ணோடு நேரடியாக ஒப்பிடக் கூடாது. இரண்டும் வேறு வேறு சூழலில் நடந்த சோதனைகள்.

சர்க்கரை டெஸ்ட்டுக்கு என்ன சம்பந்தம்?

2023-ல் வெளியான ஐசிஎம்ஆர் - இண்டியாப் ஆய்வின்படி, இந்தியாவில் 10 கோடிக்கும் அதிகமானோருக்கு சர்க்கரை நோய் உள்ளது. பலர் வீட்டிலேயே விரலில் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தை ஸ்ட்ரிப்பில் வைத்துப் பார்க்கிறார்கள். அந்த ஸ்ட்ரிப்பும் ஒரு மின்வேதியியல் கருவிதான்.

ஸ்ட்ரிப்பில் ஒரு என்சைம் தடவப்பட்டிருக்கும். அது குளுக்கோஸோடு மட்டும் வினைபுரியும். அப்போது வரும் எலக்ட்ரான்களை மின்முனை எண்ணும். மின்னோட்டம் அதிகம் என்றால் சர்க்கரை அதிகம். அவ்வளவுதான்.

என்சைமுக்கு ஒரு பலவீனம் உண்டு. அது உயிர்ப்பொருள். வெப்பம், ஈரம் பட்டால் கெட்டுப்போகும். ஸ்ட்ரிப் டப்பாவை உடனே மூடி வையுங்கள் என்று சொல்வது இதனால்தான். நம்ம ஊர் வெயிலுக்கும் மழைக்கால ஈரத்துக்கும் இது சும்மா சொல்கிற எச்சரிக்கை இல்லை.

என்சைமே இல்லாமல் அளக்க முடியுமா? முடியும் என்கின்றன பல ஆய்வுகள். நிக்கல், செம்பு, தங்கம், பிளாட்டினம் ஆகியவற்றின் நானோ துகள்களைக் கிராஃபீன் மேல் வைத்தால், அவையே குளுக்கோஸை ஆக்சிஜனேற்றம் செய்துவிடும். நிக்கலும் செம்பும் விலையும் குறைவு.

ஆனா இங்கேயும் ஒரு 'ஆனா' இருக்கு. நிக்கலும் செம்பும் நன்றாக வேலை செய்ய, சோடியம் ஹைட்ராக்சைடு போன்ற காரமான கரைசல் வேண்டும். நம் ரத்தம் அப்படிப்பட்டது அல்ல. அதோடு ரத்தத்தில் இருக்கும் யூரிக் அமிலம், வைட்டமின் சி போன்றவையும் மின்முனையில் வினைபுரிந்து குளுக்கோஸ் போலவே கணக்கில் வந்துவிடலாம். என்சைம் போல ஆளை அடையாளம் பார்க்கும் திறமை உலோகத்துக்குக் குறைவு.

ஆகவே வீட்டில் பயன்படுத்தும் என்சைம் ஸ்ட்ரிப்பை நம்பித் தொடருங்கள். ஆய்வகத்தில் நல்ல எண் வந்ததாலேயே அது மருந்துக்கடைக்கு வந்துவிடாது.

குடிநீரில் ஆர்சனிக்: இங்கே தங்கம் எதற்கு?

மேற்கு வங்கத்திலும் பங்களாதேஷிலும் நிலத்தடி நீரில் ஆர்சனிக் கலந்திருப்பது பல ஆண்டுகளாகப் பெரிய பிரச்சினை. ஒரு லிட்டரில் 10 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். இந்தியத் தர நிர்ணயமும் அதே அளவைத்தான் சொல்கிறது. நிறம் இல்லை, வாசனை இல்லை, ருசியும் இல்லை. குடிப்பவருக்குத் தெரியவே தெரியாது.

இவ்வளவு குறைந்த அளவைக் கண்டுபிடிக்கப் பெரிய ஆய்வகக் கருவிகள் உள்ளன. ஆனால் கிணற்றடியிலேயே வைத்துச் சோதிக்க மின்வேதியியல் கருவி வசதியானது.

இது வேலை செய்யும் விதம் சுவாரசியமானது. முதலில் மின்முனைக்கு எதிர்மின் அழுத்தம் கொடுத்து, தண்ணீரில் இருக்கும் ஆர்சனிக்கைத் தங்கத் துகள்களின் மேல் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து வைப்பார்கள். உண்டியலில் சில்லறை சேர்ப்பது மாதிரி. பிறகு அழுத்தத்தைத் திருப்பினால், சேர்ந்த ஆர்சனிக் அத்தனையும் ஒரே நேரத்தில் கழன்று வெளியே வரும். அப்போது மின்னோட்டத்தில் ஒரு உச்சி தெரியும். அந்த உச்சியின் அளவுதான் ஆர்சனிக்கின் அளவு.

தங்கத்தின் மேல் ஆர்சனிக் நன்றாகப் படியும் என்பதால் தங்கம். சின்ன மின்முனையிலேயே நிறைய இடம் கிடைக்கும், எலக்ட்ரானும் தடையில்லாமல் போகும் என்பதால் கிராஃபீன். சிக்கல்களும் உண்டு. தண்ணீரில் செம்பு இருந்தால் குழப்பும். ஆர்சனிக்கின் இரண்டு வடிவங்களில் ஒன்று நேரடியாக எளிதில் சிக்காது, அதை முதலில் மாற்ற வேண்டும்.

இவ்வளவு நல்லதுன்னா, ஏன் இன்னும் எல்லா இடத்துக்கும் வரலை?

நியாயமான கேள்வி. நான்கு காரணங்களைச் சொல்லலாம்.

ஒன்று, ஆயுள். எரிபொருள் மின்கலத்தை நிறுத்தி மறுபடி இயக்கும் நேரங்களில், கார்பன் தாங்கியே ஆக்சிஜனேற்றம் அடைந்து கார்பன் டை ஆக்சைடாகப் போய்விடக்கூடும். குறைகள் அதிகம் உள்ள கிராஃபீனில் இந்த அரிப்பு அங்கிருந்தே தொடங்கும். துகளைப் பிடித்துக்கொள்ளும் அதே ஆணி, சுவர் விரிசல் விடவும் காரணமாகிறது.

இரண்டு, வடிவம். கிராஃபீன் தட்டையான தாள். பல தாள்கள் படுத்துக்கொண்டால் ஆக்சிஜன் உள்ளே வரவும் தண்ணீர் வெளியே போகவும் வழி அடைபடும். இதைச் சரிசெய்ய நடுவில் கார்பன் பிளாக்கையே கலக்கும் ஆய்வுகளும் நடந்துள்ளன.

மூன்று, தரம். 2018-ல் சிங்கப்பூர் ஆராய்ச்சியாளர்கள் தலைமையில் வெளியான ஆய்வு ஒன்று, உலகம் முழுக்க 60 நிறுவனங்கள் விற்கும் 'கிராஃபீனை' சோதித்தது. பெரும்பாலான மாதிரிகளில் உண்மையான கிராஃபீன் 10 சதவீதம்கூட இல்லை. மீதி, மெல்லிய கிராஃபைட் துண்டுகள்! தாங்கியே இப்படி ஆளுக்கு ஒரு மாதிரி இருந்தால், அதன் மேல் பதிக்கும் துகளும் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி வராது.

நான்கு, எது வேலை செய்கிறது என்ற குழப்பம். 'உலோகமே இல்லாத கிராஃபீன் வினையூக்கி' என்று சொல்லப்பட்ட சிலவற்றில், தயாரிப்பின்போது கலந்த மாங்கனீஸ் போன்ற அசுத்தங்களே வினைக்குக் காரணமாக இருக்கலாம் என்று மார்ட்டின் புமேரா குழு 2013-ல் காட்டியது. ஹம்மர்ஸ் முறையில் சேர்க்கும் பெர்மாங்கனேட்டிலேயே மாங்கனீஸ் இருக்கிறது என்பது நினைவிருக்கட்டும்.

அதே புமேரா, செக் குடியரசில் தன் சக ஆராய்ச்சியாளர்களோடு சேர்ந்து 2020-ல் 'ஏசிஎஸ் நானோ' இதழில் ஒரு குறும்பான ஆய்வை வெளியிட்டார். கிராஃபீனில் எதைச் சேர்த்தாலும் வினையூக்கித் திறன் கூடும் என்று ஆய்வுக் கட்டுரைகள் குவிகின்றனவே, உண்மையா பார்ப்போம் என்று பறவை எச்சத்தைச் சேர்த்துச் சோதித்தார்கள். அதிலும் திறன் கூடியது! நைட்ரஜன், பாஸ்பரஸ், கந்தகம் எல்லாம் எச்சத்திலேயே இருக்கின்றன அல்லவா?

அவர்கள் சொல்ல வந்தது பறவை எச்சத்தின் பெருமையை அல்ல. எதையாவது சேர்த்து 'முன்னேற்றம்' என்று அறிவிப்பது எளிது. அது ஏன் வேலை செய்கிறது, அதனால் யாருக்கு என்ன பயன் என்று சொல்வதுதான் கஷ்டம் என்பதுதான் செய்தி.

அடுத்து என்ன?

துகளை இன்னும் இன்னும் சின்னதாக்கிக்கொண்டே போனால் கடைசியில் மிஞ்சுவது ஒற்றை அணு. அதற்கு 'ஒற்றை அணு வினையூக்கி' என்று பெயர். உள்ளே மாட்டிக்கொண்டு சும்மா இருக்கும் அணு ஒன்றுகூட கிடையாது. பெரும்பாலும் கிராஃபீனில் உள்ள நைட்ரஜன் அணுக்கள்தான் அந்த ஒற்றை உலோக அணுவைச் சுற்றிப் பிடித்துக்கொள்கின்றன. பிளாட்டினத்துக்குப் பதில் இரும்பு, கோபால்ட் போன்ற மலிவான உலோகங்களை வைத்தும் ஆய்வுகள் நடக்கின்றன.

இங்கேயும் பழைய கேள்விதான். அந்த ஒற்றை அணு நகராமல் எத்தனை மணி நேரம் அங்கேயே நிற்கும்?

'கிராஃபீன் சாதனை' என்று செய்தி வந்தால் கேட்க வேண்டிய 4 கேள்விகள்

- எதோடு ஒப்பிட்டார்கள்? ஏற்கெனவே சந்தையில் இருக்கும் பொருளோடா, ஒன்றுமே இல்லாத மின்முனையோடா?

- எவ்வளவு நேரம் தாக்குப்பிடித்தது? முதல் நாள் எண்ணா, ஆயிரக்கணக்கான சுற்றுகளுக்குப் பிறகு வந்த எண்ணா?

- எந்தக் கரைசலில் சோதித்தார்கள்? சுத்தமான ஆய்வகக் கரைசலா, உண்மையான ரத்தமா, கிணற்றுத் தண்ணீரா?

- உலோகம் எவ்வளவு செலவானது? ஒரு கிராம் பிளாட்டினத்துக்கு எவ்வளவு மின்னோட்டம் கிடைத்தது என்று சொல்லியிருக்கிறார்களா?

இந்த நான்குக்கும் பதில் இருந்தால் அது கவனிக்க வேண்டிய செய்தி. பதில் இல்லை என்றால், பறவை எச்சத்தை ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள்!